குரங்குக்கு இல்லாத கட்டி

காரைக்குடி நூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டாக்டர் நாச்சியப்பனின் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. முன்கூடத்தில் ரத்தம் எடுப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள். எப்போதும் கூட்டம். பின்னறைக்கு நோயாளிகள் யாரும் வருவதில்லை. புஷ்பவள்ளி அந்தப் பின்னறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள்.

ஆஸ்பத்திரிகளில் அறுத்தெடுத்த சதைத் துண்டுகள் மருந்துப் புட்டிகளில் அவளிடம் வரும். அவள் அவற்றை மெழுகில் பதித்துச் சின்னக் கட்டிகளாக்குவாள். பிளாக் என்று அதற்குப் பெயர். பிளாக்கை வெட்டும் எந்திரத்தில் மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றினால், தலைமுடியை நெடுக்கில் பதினைந்தாகக் கிழித்த மாதிரி மெல்லிசாகச் சீவல் சீவலாக வரும். அதை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடிச் சில்லில் ஏந்தி, ஊதாவும் ரோஸுமாகச் சாயம் ஏற்றி, அது சரியாகப் பிடித்திருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்து டாக்டர் மேஜையில் வைப்பதோடு அவள் வேலை முடிந்தது. புட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை அவள் படிப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைப் பார்த்துவிட்டாள். மூன்று நாள் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியாமல் திண்டாடினாள். அன்றிலிருந்து நம்பரோடு சரி.

புருஷன் மருது பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒரே மகள் சினேகா கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பெரிய குறை ஒன்றும் இல்லாத குடும்பம்.

போன வருஷம் மாசி மாதம், துணி பிழியும்போது இடது முன்னங்கையின் உட்புறம் சுருக்கென்றது. தடவிப் பார்த்தாள். தோலுக்கடியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. எங்காவது இடித்திருக்கும் என்று விட்டுவிட்டாள். பத்து நாளில் அது நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. அழுத்தினால் வலி, அசைத்தால் அசையவில்லை. ஊர் சர்ஜனிடம் காட்டினாள். அது தசையின் உறையோடு ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, மேலாக ஒரு துண்டை மட்டும் எடுத்து அனுப்பினார். அந்தப் புட்டி மறுநாள் அவளுடைய மேஜைக்கே வந்தது.

கூட வேலை பார்க்கும் காளீஸ்வரி சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "அக்கா, ஒங்களுத நீங்களே வெட்ட வேணாம். நான் வெட்டுறேன்" என்றாள்.

"நீ கிழிச்சிருவ. போ, தண்ணியச் சூடு பண்ணு."

புஷ்பவள்ளியே வெட்டினாள். ஒரு சீவல்கூடக் கிழியவில்லை. சாயம் காய்ந்ததும், பின்னறையில் கிடந்த பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். அவள் படித்தது ஒரு வருஷ டிப்ளமோதான். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துவந்த கண். நூல் நூற்கும் கதிர் போல நீண்ட செல்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. பார்த்த இடமெல்லாம் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன. நல்ல சதை இப்படி இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஸ்லைடைத் தட்டில் அடுக்கி டாக்டரிடம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்த புட்டியைத் திறக்கத் தோன்றவில்லை.

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். அறுபத்து மூன்று வயது, அதிகம் பேசாத மனுஷர். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார்.

"இது எத்தன நாளா இருக்கு?"

"இருபத்தஞ்சு நாள் இருக்கும் சார்."

"நாளா, மாசமா?"

"நாளுதான் சார்."

"அதுதான் இடிக்குது" என்றார். "பாக்கச் சார்கோமா மாதிரித்தான் இருக்கு. மறைக்க மாட்டேன், நீயும் பாத்திருப்ப. ஆனா அந்தப் புத்து இவ்வளவு வேகமா வராது. இதே வேஷத்துல வர்ற இன்னொரு கட்டி இருக்கு. அதுக்கு ஒரு ஜீன் டெஸ்ட் பண்ணணும். சென்னைக்கு அனுப்புறேன். பதில் வர்ற வரைக்கும் யாரையும் கத்தி வைக்க விடாத."

பதில் வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

முதல் நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் காலை மருது சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, குழம்பை ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள். அவன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. முழுக்கச் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து கேட்டான்.

"இடது கைதானே?"

"ஆமா."

"எடுத்தாலும் வலது கை இருக்கும்ல?"

"என்னங்க இப்படிக் கேக்குறீக?"

"எனக்கு வேற எப்படிக் கேக்குறதுன்னு தெரியல புஷ்பம்." சொல்லிவிட்டு டிப்போவுக்குப் போனான். சாயங்காலம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். மகளிடம் சொல்ல வேண்டாம் என்று இருவருமே சொல்லிக்கொள்ளாமல் முடிவு செய்திருந்தார்கள்.

ஏழாம் நாள் காலையில் கட்டியைத் தொட்டுப் பார்த்தவளுக்கு அது சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. ஆசைப்படுகிற விரலுக்கு அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் நூலால் அளந்தாள். பன்னிரண்டாம் நாள் மறுபடி அளந்தாள். அரை விரற்கடை குறைந்திருந்தது. அன்றைக்கே டாக்டர் கூப்பிட்டார். அவள் உள்ளே போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரு. ஒனக்குப் புத்து இல்ல."

அவள் உட்கார்ந்தாள். அழவில்லை. "அப்ப அது என்ன சார்?" என்றாள்.

டாக்டர் சொல்லத் தொடங்கினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் மொத்தமாகப் பேசியதை எல்லாம் கூட்டினாலும் அன்றைக்குப் பேசிய அளவு வராது.

"செல்லுக்கு வாய் கிடையாது. அதோட தோலுதான் வாய். தோல உள்ள மடிச்சு, சின்னப் பை மாதிரி ஆக்கி, வெளியில இருக்கிறத விழுங்கும். வளரச் சொல்லி வர்ற சேதிய வாங்குறதுக்குத் தோலு மேல ஏற்பிகள் உக்காந்திருக்கும். விழுங்குறப்ப அதுகளும் உள்ள போயிரும். உள்ள போனதுல எத அழிக்கணுமோ அதுல ஒரு முத்திரை விழும். முத்திரை இல்லாதது திரும்ப வாசலுக்கே வந்திரும். ஒடம்பு தன்ன அடக்கிக்கிறதுக்கு அப்படி ஒரு ஏற்பாடு. விளங்குதா?"

"விளங்குது சார்."

"அந்த முத்திரைய அழிச்சுவிடுற ஜீன் ஒண்ணு இருக்கு. நம்மகிட்ட அது பெரும்பாலும் தூங்கிக்கிட்டுத்தான் கிடக்கும். ஒன் கையில ஏதோ ஒரு செல்லுல அது ஒடஞ்சு, எப்பவும் முழிச்சிருக்கிற வேற ஒரு ஜீனோட போயி ஒட்டிக்கிருச்சு. அதனால இதுவும் முழிச்சிக்கிருச்சு. போக வேண்டிய ஏற்பியெல்லாம் திரும்பத் திரும்ப வாசலுக்கு வந்து நிக்குது. இதுதான் முழுக் காரணம்னு சொல்ல மாட்டேன், இன்னும் என்னென்னமோ செய்யுதுங்குறாக. ஆனா செல்லு வெறி பிடிச்ச மாதிரிப் பெருகுது. பாக்குறவன் புத்துன்னுதான் நெனப்பான். கொஞ்ச நாள்ல தானே அடங்கிரும்."

"ஏன் சார் அடங்குது?"

"அது இன்னும் சரியா யாருக்கும் தெரியாது."

பிறகு அவரே ஒரு விஷயம் சொன்னார். அந்த ஜீன் புதிது. இரண்டு பழைய ஜீன்கள் தவறுதலாக ஒட்டிக்கொண்டு பிறந்தது. மனிதனுக்கும், கொரில்லா, சிம்பன்சி போன்ற வாலில்லாக் குரங்குகளுக்கும் மட்டும்தான் உண்டு. "குன்றக்குடிப் படியில தேங்கா மூடியப் பிடுங்கிக்கிட்டு ஓடுதே, அந்தக் குரங்குக்கு இந்த ஜீனே கிடையாது. அதுக்கு இந்த வழியில கட்டி வரவே வராது."

"எப்ப வந்துச்சு சார் நமக்கு?"

"ரெண்டு மூணு கோடி வருஷம் இருக்கும்."

"அதப் போயிப் புதுசுங்கிறீக!"

டாக்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

கட்டி இன்னும் மூன்று வாரத்தில் கரைந்தே போயிற்று. தையல் போட்ட இடத்தில் ஒரு அங்குலத் தழும்புதான் மிச்சம். மகளிடம் அப்புறம்தான் சொன்னார்கள். அவள் போனில் அரை மணி நேரம் சண்டை போட்டாள். அத்தோடு முடிந்துபோயிருக்க வேண்டிய விஷயம்.

புஷ்பவள்ளிக்கு முடியவில்லை. தன் ஸ்லைடைப் பார்த்த அன்றே இதே செல் கூட்டத்தை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று மனசுக்குள் ஒரு குடைச்சல். பயத்தில் அப்போது அதை ஒதுக்கிவைத்திருந்தாள். பயம் போனதும் அது எழுந்து வந்தது. ஒரு நாள் காலை சாயத்தை வடிகட்டிக்கொண்டிருக்கையில் ஆளே ஞாபகத்துக்கு வந்துவிட்டான். கோட்டையூர் மாயக்கண்ணன்.

அவள் பெயர் தெரிந்துவைத்திருந்த மிகச் சில நோயாளிகளில் அவன் ஒருவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்த இருபத்து நாலு வயசுப் பையன். வலது முன்னங்கையில் கட்டி. இந்தக் கூடத்தில்தான் சார்கோமா என்று எழுதிக் கொடுத்தார்கள். மதுரையில் கையின் தசையைப் பெரிதாக வெட்டி எடுத்துக் கரண்டு என்கிற கதிர்வீச்சும் வைத்தார்கள். விரல்கள் முழுசாக மடங்காமல் போயின. வேன் ஓட்ட முடியவில்லை. பார்த்திருந்த பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். இப்போது கோட்டையூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். டாக்டர் வருஷா வருஷம் நடத்தும் புற்றுநோய் விழிப்புணர்வு முகாமில் அவன்தான் பேசுவான். "நான் ஜெயிச்சேன், நீங்களும் ஜெயிக்கலாம்" என்று தொடங்குவான். டாக்டர் பொன்னாடை போர்த்துவார். அப்படித்தான் அவளுக்குப் பெயர் தெரியும்; முதல் முகாமில் காட்ட அவன் ஸ்லைடைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

அன்று டாக்டர் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், மாயக்கண்ணன் பிளாக்க ஒருக்கா அனுப்பிப் பாத்தா என்ன?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "எதுக்கு?"

"என்னுது மாதிரியே இருந்துச்சு சார், அந்த ஸ்லைடு."

"ஒன்பது வருஷத்துக்கு முந்தி பாத்த ஸ்லைடா?"

"ஞாபகம் இருக்கு சார்."

அவர் அன்றைக்கு வீட்டுக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டார். மறுநாள் வந்தும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதற்கு மறுநாள் காலை, அவள் வரும்போதே பின்னறையில் நின்றுகொண்டிருந்தார். கையில், சர்ஜன் விவரம் எழுதி அனுப்பும் கோரிக்கைத் தாள், பழையது ஒன்று. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் மாயக்கண்ணன் கட்டியோடு வந்தது. நோய் எத்தனை நாளாக என்ற இடம் வெறுமையாக இருந்தது.

"அன்னைக்கு நான் கேக்கல" என்றார். "ஒரு போன் போட்டிருக்கலாம். ஒனக்குக் கேட்டேன், எதிர்ல நின்ன, கேட்டேன். அவனுக்குக் கேக்கல. பிளாக்க எடு."

பத்து வருஷம் ஆன பிளாக்குகளை அவர்கள் அழித்துவிடுவது வழக்கம். அவனுடையதற்கு இன்னும் ஏழு மாதம் மிச்சம் இருந்தது. அவள் தேடி எடுத்து, சீவி, கண்ணாடியில் ஏற்றி அனுப்பினாள். இந்தத் தடவை முதல் இரண்டு சீவல் கிழிந்துபோயிற்று.

பதினைந்து நாளில் பதில் வந்தது. அதே ஜீன்தான், அதே உடைப்புதான்.

டாக்டர் தாளை அவள் பக்கம் தள்ளினார். "அந்தக் காலத்துல இந்த டெஸ்ட் இங்க யாருக்கும் கிடைக்காது. அது நெசம். எம்மேல தப்பில்லன்னு சொல்றதுக்கு வழி இருக்கு. என் தம்பி வக்கீலு, வாயத் தொறக்காதீகன்னு சொல்லிட்டான்."

"நீங்க என்ன சொல்றீக சார்?"

"எனக்குத் தெரியல. ஜெயிச்சேன்னு நம்பிக்கிட்டு இருக்கான். அதப் போயிப் பிடுங்கணுமா?"

பன்னிரண்டு நாள் தான் பட்ட பாடு புஷ்பவள்ளிக்கு மறக்கவில்லை. "இன்னமும் வருஷத்துக்கு ரெண்டு தடவ மதுரைக்கு ஸ்கேனுக்குப் போறாரு சார். ஒவ்வொரு தடவையும் என்ன நெனச்சுக்கிட்டுப் போவாரு? எனக்குப் பன்னெண்டு நாளு. அவருக்கு ஒன்பது வருஷம்."

மறுநாள் பதினோரு மணிக்கு டாக்டரின் காரில் இருவரும் கோட்டையூர் போனார்கள். கடையில் ஆள் இல்லை. மாயக்கண்ணன் இடது கையால் பேப்பரை அடுக்கிக்கொண்டிருந்தான். டாக்டரைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தான். "வாங்க சார், வாங்கக்கா. சொல்லிவிட்டா நானே வந்திருப்பேன்ல. இந்த வருஷ முகாம் எப்ப?"

டாக்டர் உட்காராமலே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "ஒனக்கு வந்தது புத்து இல்ல மாயக்கண்ணா. நான் தப்பா எழுதிட்டேன்." ஜீனைப் பற்றி, தானே அடங்கும் கட்டியைப் பற்றி, இப்போது எப்படித் தெரிந்தது என்பதைப் பற்றி எல்லாம் சொன்னார். அவன் நின்றபடியே கேட்டான். முடித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி:

"அப்ப இனிமே ஸ்கேனுக்குப் போக வேணாமா?"

"வேணாம். நான் கடிதம் தாரேன்."

"திரும்ப வராதா?"

"வராது."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். ஏதோ கணக்குப் பார்க்கிறவன் மாதிரி முகம். பிறகு மெல்லக் கேட்டான். "விட்டிருந்தா தானே போயிருக்குமா?"

டாக்டர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"அப்ப நான் எதச் சார் ஜெயிச்சேன்?"

அப்போது ஒரு பெண் ஆதார் அட்டையைப் பிரதி எடுக்க வந்தாள். அவன் எழுந்து எடுத்துக் கொடுத்தான். அவள் போனதும் திரும்பிப் பார்க்காமலே, "நீங்க கெளம்புங்க சார். நான் ஏதாச்சும் சொல்லிருவேன்" என்றான்.

புஷ்பவள்ளிக்கு, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று அன்று முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. மருதுவிடம் கேட்டாள். "எனக்குன்னா தெரிஞ்சுக்கத்தான் தோணும். ஆனா சொன்னவகள ஒரு வருஷத்துக்குப் பாக்கப் பிடிக்காது" என்றான்.

ஒரு வருஷம் ஆகவில்லை. பதினெட்டாம் நாள் மாயக்கண்ணன் பரிசோதனைக்கூடத்துக்கு வந்தான். டாக்டர் அறைப் பக்கம் போகவில்லை. நேரே பின்னறை வாசலில் வந்து நின்றான்.

"என் சதை இன்னும் இங்கதான் இருக்காம்ல. பாக்கணும்."

அவள் பிளாக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். மஞ்சள் மெழுகுக்குள் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு பழுப்புத் துண்டு. வெகுநேரம் பார்த்தான். ஸ்லைடையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறினான். அவள் குமிழைத் திருப்பித் தெளிவாக்கினாள்.

"எம்புட்டு நெருக்கம்! சண்டைக்கு நிக்கிற மாதிரி இருக்கே அக்கா."

"என்னுதும் இப்படித்தான் தம்பி இருந்துச்சு."

"அது நெசந்தானா? குரங்குக்கு இல்லாத ஜீனா?"

"டாக்டர் அப்படித்தான் சொன்னாக. வால் இருக்கிற குரங்குக்குக் கிடையாதாம்."

அவன் சிரித்தான் என்று சொல்ல முடியாது, உதடு கோணியது. "ஒங்க கையக் காட்டுங்க" என்றான். அவள் காட்டினாள். அந்த ஒரு அங்குலத் தழும்புக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் குழிந்து, தோல் எலும்போடு ஒட்டிப்போன கை. அவளுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணைத் திருப்பக் கூடாது என்று தோன்றியது.

"ஒங்களுக்கு வரலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காது தம்பி."

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். சுவர் முழுக்க இழுப்பறைகள், அதில் ஆயிரக்கணக்கில் பிளாக்குகள். "இதுக்குள்ள என்னய மாதிரி இன்னும் எத்தன பேரு இருக்காக?"

அவள் தெரியாது என்றே சொன்னாள். "அப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அதை அவள் அப்படியே டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் அன்றே பழைய பதிவேடுகளை எடுக்கச் சொன்னார். கை, தோள், கழுத்தில் சின்னக் கட்டி, இளவயது, சார்கோமா என்று எழுதியவை எல்லாவற்றையும் பிரித்தார்கள். இரண்டு மாதம் ஆயிற்று. சந்தேகமாக ஆறு தேறின. ஆறும் சென்னைக்குப் போயின. நான்கு உண்மையான புற்றுநோய்தான். இரண்டு அப்படியில்லை. அந்த இருவரில் பள்ளத்தூர் வாத்தியார் ஒருவர் மாரடைப்பில் இறந்து நான்கு வருஷமாகியிருந்தது. அவர் மனைவியிடம் போய்ச் சொன்னார்கள். அந்த அம்மாள், "அவுகளுக்குத் தெரியாமப் போச்சே" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய் மோர் எடுத்துவந்து கொடுத்தார். இன்னொருத்தி கண்டனூர்க்காரி. தோளில் சின்ன அறுவையோடு தப்பித்தவள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவள். "அத நான் அன்னைக்கே மறந்துட்டேன், இப்ப வந்து பயங்காட்டுறீகளே" என்று வைதாள்.

மாயக்கண்ணன் வழக்கு எதுவும் போடவில்லை. மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. டாக்டர் கொடுத்த கடிதத்தை மதுரையில் காட்டினான். ஸ்கேன் நின்றது. அந்த வருஷ முகாமுக்கு வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினான். டாக்டர் தன் செலவில் கோயம்புத்தூரில் கைக்கு ஒரு சிகிச்சை ஏற்பாடு செய்கிறேன் என்றார். முதலில் மறுத்தான். அப்புறம் புஷ்பவள்ளிக்குப் போன் போட்டு, விரல் எவ்வளவு மடங்கும் என்று விசாரித்தான். பாதிக்கு மேல் மடங்கலாம், உறுதியில்லை என்று அவள் கேட்டுச் சொன்னாள். "பாதி மடங்கினாப் போதும், பேனா பிடிக்கலாம்" என்றான். ஆவணியில் போய்வந்தான்.

புஷ்பவள்ளி இப்போதும் அதே பின்னறையில்தான் இருக்கிறாள். ஆனால் புட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் படிக்கிறாள். கோரிக்கைத் தாளில் எத்தனை நாள் என்ற இடம் வெறுமையாக வந்தால் புட்டியைத் திறப்பதில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுக்கிறாள். யார் பேசுவது, எதற்கு என்று அந்தப் பக்கம் பயந்து கேட்பார்கள். அவள் அவசரப்படாமல் சொல்வாள். "பயப்படாதீக. ஒரே ஒரு வெவரந்தான் வேணும். அந்தக் கட்டிய மொதல்ல எப்பப் பாத்தீக?"